கன்னிக்காலாய் நின்ற மக்னோலியா

பக்கத்து வீட்டு மரத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் நாங்கள் இந்த வீட்டை வாங்கி வந்தபோதே அது வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மற்ற மரங்கள் இலையுதிர் காலத்தில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிடும். இது அப்படியில்லை. கோடையிலும் கொட்டும், குளிரிலும் கொட்டும். பழைய செருப்புத் தோலை வெட்டிப் போட்டது மாதிரி இலை. மேலே பளபளப்பு, கீழே துரு நிறம். லேசில் உக்காது. கூட்டுவதற்கு வசதி என்று என் கணவர் பின்வளவு முழுவதும் கொங்கிறீற் போட்டார். வேலியோரம் ஒரு துண்டு மண்ணும் அதில் ஓர் ஆப்பிள் மரமும்தான் மிச்சம். கூட்டுவது யார்? நான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த இலைகளை ஒரு பெரிய பையில் அள்ளிக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என் வயதை ஒத்த, கட்டையான, உறுதியான ஒரு பெண். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் பையை வாங்கித் திறந்து பார்த்தார். நன்றி என்றார். நக்கல் இல்லை, உண்மையாகவே சொன்னார். அங்கேயே குனிந்து அந்த இலைகளை முன்பக்கத்துச் செடிகளின் அடியில் பரப்பத் தொடங்கினார். அடுத்த முறையும் கொண்டுவரச் சொன்னார். சண்டை பிடிக்க வந்தவளை இப்படியா அனுப்புவது? வீட்டுக்கு வந்து கணவரோடு பிடித்துத் தீர்த்தேன்.

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அவருக்கு இல்ஃபோர்டில் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை அக்கா என்றார். அவர்தான் மூத்தவர் போல இருக்கிறது, அதனால் நானும் அவரை அக்கா என்றேன். இப்போது இரண்டு பேருமே அக்கா. நாங்கள் பேசுவது ஆங்கிலம். அவருடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். அவர் சொல்வது எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"மெக்சிகோவோ?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"மெக்சிகோதான். ஆனா நான் சபோட்டெக்" என்றார். வஹாக்கா என்ற மாநிலத்தின் வடக்கு மலைகளில் அவர் ஊர். சபோட்டெக்தான் தாய்மொழி, ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்தது. அவர் "ஆனா" என்று சொன்ன விதம் எனக்கு உடனே விளங்கியது. இந்த ஊரில் என்னைப் பார்த்து "இந்தியனா?" என்று கேட்பவர்களுக்கு நானும் ஒரு "ஆனா" வைத்திருக்கிறேன்: இலங்கை, ஆனா தமிழ். என்னுடையதில் எரிச்சல் அதிகம். அவருடையதில் எரிச்சலே இல்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு பெரிய வெள்ளைப் பூ, அவர்கள் ஊரில் கலியாணத்துக்குப் பறிப்பதாம். அவர்கள் மலையில் வளரும் ஒரு மக்னோலியாவை, இதுவரை அறிவியலில் பதியாத புதிய இனம் என்று ஆய்வாளர்கள் விவரித்து எழுதியிருக்கிறார்களாம். அந்தச் செய்தி எப்போதோ வந்ததாம், அவர் கையில் இப்போதுதான் கிடைத்ததாம். முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புதுசாமோ? உங்கட ஆக்கள் கலியாணத்துக்குப் பறிக்கேக்க அது அங்க இருக்கேல்லையோ?"

"இருந்தது. புத்தகத்தில இருக்கேல்லை."

"புத்தகத்தில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"உங்களுக்கு விசா இல்லாத காலம் ஞாபகம் இருக்கோ, அக்கா?"

இருக்காதா?

"அப்பவும் நீங்கள் இருந்தனீங்கள்தானே. சாப்பிட்டனீங்கள், வேலை செய்தனீங்கள். ஆனா உங்களைத் தூக்கி ஏத்தி அனுப்பியிருந்தா ஆர் கேட்டிருப்பினம்? மரத்துக்கும் அப்பிடித்தான். பேர் பதியாத மரத்தை வெட்டினா ஒருத்தரும் கேக்க மாட்டினம். இனிக் கேப்பினம்." கைப்பேசியைத் திருப்பி வாங்கி அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். "பேரும் வெளியில இருந்து எடுக்கேல்லை. எங்கட சொல்லைத்தான் வைச்சிருக்கினம். இதயத்தின்ர மரம்."

என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

அதற்குப் பிறகு நானே கேட்கத் தொடங்கினேன். இலை கூட்டப் போகும்போது வேலியோரம் நின்று கேட்பேன், அவர் உடுப்புக் காயப்போட்டபடி சொல்லுவார். அந்தப் பூ இல்லாமல் அவர்கள் பக்கத்தில் கலியாணம் களை கட்டாதாம். நெஞ்சு படபடப்புக்கும் நோவுக்கும் அதுதான் மருந்தாம். மருந்து வேலை செய்யுமா என்று கேட்டேன். "எனக்கு டொக்டர் குளிசை தாறார், அதையும் போடுறன்" என்றார். காடு வெட்டித் தோட்டம் போடும்போதும் அந்த மரத்தை விட்டுவிடுவார்களாம். அதன் நிழலிலும் ஈரத்திலும் வேறு மரங்களின் கன்றுகள் பிழைத்து வருமாம். செவிலித்தாய் மாதிரி, பிறர் பிள்ளைகளை வளர்த்துவிடுகிற மரம்.

எங்கள் ஆட்களிடமும் இப்படிப் பேச்சு இருக்கிறது. வேம்பு எங்களுடையது, மஞ்சள் எங்களுடையது, உலகத்துக்கே நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துக் கத்துவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கக் கொங்கிறீற். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த மலைக்காரர்கள் மைக் பிடிக்கவில்லை. பூவைக் கலியாணத்துக்கு எடுத்தார்கள், மரத்தை நிற்க விட்டார்கள். ஒரு மரத்துக்கு மனிதர் செய்யக்கூடியது அதற்குமேல் என்ன இருக்கிறது? இத்தனை காலம் அது பிழைத்து நின்றதற்குக் காரணம் அவர்கள்தான். புத்தகம் பிறகு வந்தது. வரட்டும், வந்தது நல்லதுதான்.

"அப்ப இந்த மரமும் அதுதானோ?" என்று எங்கள் தலைக்கு மேலே நின்றதைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லை. இது கடையில வாங்கினது. அதின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி. பூ கிட்டத்தட்ட அப்பிடித்தான் இருக்கும்." பிறகு தயங்கிச் சொன்னார்: "என்ர மகளின்ர கலியாணத்துக்கு எண்டுதான் வைச்சனான்."

மகள் பிறந்த புதிதில் வைத்த மரமாம். மகளுக்கு அந்தக் கோடையில்தான் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மரம் மற்ற வருடங்களில் கொஞ்சமாவது பூக்கும். அந்த வருடம் பிந்திய பனி அடித்ததோ என்னவோ, கலியாணத்துக்குத் தோதாக ஒரே ஒரு மொட்டுத்தான் வந்தது. அதுவும் எங்கள் பக்கம் தாழ்ந்து வந்த கொப்பில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேலியால் எட்டி அதைப் பார்ப்பார். நானும் பார்க்கத் தொடங்கினேன். கோழிமுட்டை அளவிலிருந்து மாங்காய் அளவுக்கு வந்தது.

அதே கோடையில் என் மகனுக்கும் கலியாணம். அவர்களுடையது சனிக்கிழமை, எங்களுடையது அதற்கு அடுத்த வாரம். ஆனால் எங்கள் பொன்னுருக்கல் அவர்களின் கலியாணத்துக்கு முந்திய புதன்கிழமை காலையில் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலிக்கான தங்கத்தை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நல்ல நேரம் பார்த்து உருக்குவோம். அது முடிந்ததும் கன்னிக்கால் ஊன்றுவோம். ஊரில் முள்முருக்கங் கொப்பு ஒன்றை வெட்டி, மாவிலையும் சிவப்புத் துணியும் கட்டி, வடகிழக்கு மூலையில் நட்டுப் பாலும் தண்ணீரும் ஊற்றி, நவதானியம் தூவுவார்கள். கொப்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்று நம்பிக்கை. ஊன்றினால் கலியாணம் முடியும்வரை பிடுங்கக்கூடாது. லண்டனில் முள்முருக்குக்கு எங்கே போவது? கிடைத்த மரத்தை முள்முருக்காக்க வேண்டியதுதான். நான் எங்கள் ஆப்பிள் மரத்தில் நேரான ஒரு கொப்பைப் பார்த்து மஞ்சள் நூல் கட்டிவைத்தேன். ஸ்ட்ரெதமில் இருக்கும் என் அண்ணைக்குப் போன் எடுத்து, "விடிய வந்து நூல் கட்டின கொப்பை வெட்டி வையுங்கோ" என்றேன். அவர் சுவிஸிலிருந்து இங்கே வந்து கட்டட வேலை செய்கிறவர். மரம் அரிய நல்ல வாள் வைத்திருக்கிறார். மூளையைப் பற்றி நான் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை வீடு முழுக்க ஆட்கள். நகைக்கடைக்காரர் முன்அறையில் சின்ன அடுப்பை மூட்ட, புகை மணி கத்தத் தொடங்கியது. யாரோ அதற்குக் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்ரிக் தொப்பியை மாட்டினார்கள். தங்கம் உருகி மணியாக வந்தது, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். பிறகு பின்வளவுக்குப் போனோம். சடங்கு என்றால் எல்லோரும் கேட்பது பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் மச்சாளைத்தான். என் கணவரின் மூத்த அக்கா. அவர் சொன்னால் சொன்னதுதான். மண் நிரப்பிய வாளியில் கொப்பை நட்டு, மாவிலையும் துணியும் கட்டி முடித்திருந்தார். நான் பால் ஊற்றினேன். தண்ணீர் ஊற்றினேன். தானியம் தூவினேன். அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. மாவிலைகளுக்கு நடுவே மாவிலை மாதிரியே இருந்தாலும் மாவிலை இல்லாத இலைகள். கீழ்ப்பக்கம் துரு நிறம். உச்சியில் வெள்ளை மொட்டு. மொட்டைச் சுற்றித் தையல் நூல்.

"அண்ணை, இதை எங்க வெட்டினீங்கள்?"

"நீ சொன்ன இடத்திலதான். நூல் கட்டியிருந்தது."

"ஆப்பிள் மரத்திலயெல்லோ கட்டினனான்!"

"எடி, நூல் எண்டுதானே சொன்னனி? நிறம் சொன்னனியே, மரம் சொன்னனியே? தலையில இடிக்கிற மாதிரித் தொங்கிக்கொண்டு நிண்டது. மொட்டிலயும் நூல் கட்டியிருக்கு, சரியான சகுனம் எண்டு நினைச்சன்."

"சகுனமோ? அது மற்ற வீட்டுப் பிள்ளையின்ர கலியாணப் பூ, விசர் அண்ணை!"

வெக்கை கூடியதால் மொட்டு முந்தி விரிந்துவிடாமல் முதல்நாள் மாலை பக்கத்து வீட்டு அக்காதான் நூலால் கட்டியிருக்கிறார். அது எனக்கும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு மேலே அவருடைய தலை. வெட்டுப்பட்ட கொப்பின் அடியைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

நான் கொப்பில் கை வைத்தேன். மச்சாள் பாய்ந்து வந்தார்.

"உமக்கு விசரே? பால் ஊத்தியாச்சு. கன்னிக்காலில கை வைக்கப்படாது!"

"களவெடுத்த கொப்பு, மச்சாள்."

"அதுக்கு? பிடுங்கினா உம்மட பிள்ளைக்குத்தான் கூடாது. பேசாமல் அந்த மனிசிக்கு ஒரு நல்ல பூச்செண்டு வாங்கிக் குடும்."

பூச்செண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே போய்ச் செடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். சகுனமாவது மண்ணாங்கட்டியாவது, மொட்டை வெட்டி அக்கா கையில் கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். அதற்குள் அவர் பக்கத்துப் பாதையால் சுற்றி எங்கள் வளவுக்குள் வந்துவிட்டார். வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது என்னத்துக்கு, அக்கா?" என்று வாளியைக் காட்டிக் கேட்டார்.

சொன்னேன். கலியாண வீட்டில் பச்சைக் கொப்பு ஒன்று ஊன்றுவது, பால் ஊற்றுவது, அது துளிர்த்தால் பிள்ளைகள் துளிர்ப்பார்கள் என்பது. உடைந்த ஆங்கிலத்தில், கோபத்தோடு, மூச்சு வாங்க. அவர் கொப்பைச் சுற்றி நடந்து பார்த்தார். துணியைத் தொடாமல் பார்த்தார்.

"பால் ஊத்தியாச்சோ?"

"ஓம்."

"அப்ப நிக்கட்டும். கலியாணத்துக்கு நிண்ட மரத்தை நான் பிடுங்க மாட்டன்."

"உங்கட மகளுக்கு?"

"பூ வர ஏலாட்டி என்ர மகள் வருவாள். அவளுக்குக் கால் இருக்கு."

நான் அழவில்லை. மற்றவர்கள் அழுதார்கள் என்று பிறகு சொன்னார்கள். என் வீட்டில் இப்படி ஒரு மனிதர் பிறந்திருந்தால் நாங்கள் அவருக்குச் சிலை வைத்திருப்போம். மரத்தை வெட்டியவர் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வெட்டினவர்களின் சடங்குக்கு மரியாதை கொடுக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் பொலிஸைக் கூப்பிட்டிருப்பேன். அந்த மலையில் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மரம் யாருடையது என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை, எதற்காக நிற்கிறது என்று கேட்கிறார்கள்.

ஆனால் சனிக்கிழமை காலைவரை மொட்டு உயிரோடு இருக்க வேண்டும். வெட்டுப்பட்ட கொப்பு, வாளி மண், லண்டனில் அந்தக் கிழமை அடித்த வெயில். பிடுங்கக்கூடாது, நகர்த்தக்கூடாது என்றார் மச்சாள். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லையே. ஊற்றினேன். வாளி மண் சேறாகி, சேற்றுக்கு மேலே தண்ணீர் நிற்குமட்டும் ஊற்றினேன். அண்ணையிடம் சொல்லிக் கடற்கரைக் குடை ஒன்று வரவழைத்துக் கன்னிக்காலுக்கு நிழல் பிடித்தேன். அதைப் பார்த்து என் கணவர், "கன்னிக்கால் ஹொலிடே போயிருக்குப் போல" என்றார். அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

வெள்ளிக்கிழமை மொட்டின் அடியில் ஒரு பழுப்புப் புள்ளி. அக்கா வேலியால் பார்த்தார், நான் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்குப் பின்னேரம் மச்சாள் பார்க்கிங்கிலிருந்து போன் எடுத்தார். "அந்த மொட்டு எப்பிடி இருக்கு?" என்றார். இரண்டு தரம் தண்ணீர் தெளித்தீரா, இலையிலும் தெளியும் என்றார். சனிக்கிழமை விடிந்ததும், யாரும் கூப்பிடாமலே, பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார். கூடவே அண்ணையும்.

மகள் பக்கத்துப் பாதையால் வந்தாள். நீண்ட வெள்ளை உடுப்பு, அதன் மேலே தாயின் ஊர்த் தையல் போட்ட சின்னத் துண்டு. கொங்கிறீற்றில் உடுப்பு இழுபடாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, குடையின் கீழே குனிந்து நின்றாள். தாய் நூலை அவிழ்த்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளி இதழ் ஒன்று தானாகவே விலகிச் சாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. எலுமிச்சையும் பாலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு வாசனை சொல்லத் தெரியாது. பழுப்புப் புள்ளி வெளி இதழின் விளிம்போடு நின்றுவிட்டது, உள்ளே எல்லாம் சுத்த வெள்ளை. மகள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். தாய் அவள் தலையில் கை வைத்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். நீண்ட நேரம் சொன்னார். பிறகு போகத் திரும்பினார்கள்.

"எங்க போறியள்?" என்றார் மச்சாள், தமிழிலேயே. "பூவை ஆர் கொண்டுபோறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். "நீங்கள்தானே மச்சாள் கை வைக்கப்படாது எண்டனீங்கள்?"

"கால் பிடுங்கப்படாது எண்டனான். பூப் பறிக்கப்படாது எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்!"

"நான் சொல்லேல்லை. ஊரில கன்னிக்காலில பூவே இருக்கிறேல்லை, அதைப் பற்றி ஆர் என்ன சொல்லேலும்? பொம்பிளைப் பிள்ளை வெறுங்கையோட போகப்படாது. கத்தரிக்கோலைக் கொண்டாரும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். உண்மையாகவா என்பது போலக் கொப்பைக் காட்டினார். மச்சாள் பெரிதாகத் தலையாட்டி, "ஓம், ஓம், வெட்டுங்கோ" என்றார். அக்கா கத்தரிக்கோலை வாங்கி, பூவுக்குக் கீழே இரண்டு இலையும் சேர்த்து வெட்டினார். இதழைத் தொட்டால் பழுப்பாகிவிடும், காம்பை மட்டும் பிடி என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தார். மகள் இரண்டு கையாலும் காம்பைப் பிடித்தாள். உடுப்பைத் தூக்க அவளுக்குக் கை இல்லை. மச்சாள் தன் பட்டுச் சேலையோடு குனிந்து அந்த வெள்ளை உடுப்பின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளவைக் கடந்து, பாதையால் கார்வரை அவளுக்குப் பின்னால் நடந்தார்.